எதிரணியின் பத்தாம் இலக்கம்

ஜூலை 3, புதன்

பிறஷர் கூடியிருக்கிறதாம். என்ன சாப்பிடுகிறேன், எப்படித் தூங்குகிறேன் என்று ஒவ்வொரு நாளும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் கிளினிக் நேர்ஸ் மிஸ். எழுதுகிறேன்.

காலை: உப்பில்லாத கஞ்சி. மத்தியானம்: உப்பில்லாத சோறு, உப்பில்லாத பாரை மீன். கடற்கரையில் பிறந்த ஒருவனுக்கு உப்பில்லாத மீன் கொடுக்கிறாள் ஜோசப்பின். முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த மனைவி.

பின்னேரம் வாசிகசாலையில் உதைபந்தாட்டக் கழகக் கூட்டம். இந்த வருடச் சுற்றுப்போட்டி அட்டவணை வந்துவிட்டது. எங்கள் கலங்கரை ஒரு பக்கம், முனைத்துறைச் செந்தாரகை மறுபக்கம். சந்திப்பதென்றால் இறுதிப்போட்டியில்தான். செந்தாரகையின் ஆட்டங்களைப் போய்ப் பார்த்து வர ஒரு ஆள் வேண்டும் என்றார் செயலாளர் எட்வின். நான் கையைத் தூக்கினேன். பதினாறு வருடம் கலங்கரைக்கு விளையாடியவன், அதில் நாலு வருடம் கப்டன். ஒரு அணியைப் பார்த்து அளக்க என்னைவிட யாருக்குத் தெரியும்?

எட்வின் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "சரி அண்ணை, நீங்களே போங்கோ" என்றார்.

ஜூலை 7, ஞாயிறு

காலைப் பூசை முடிந்ததும் கோழிக்கூட்டுக்கு வலை மாற்றினேன். பின்னேரம் செந்தாரகையின் முதல் ஆட்டம்.

முனைத்துறை ஒன்றும் தூரமில்லை. எங்கள் வெள்ளாந்துறைக்கும் அதற்கும் நடுவில் ஒரு மதகுதான். கடலும் ஒன்று, பங்குச் சுவாமியும் ஒருவர். உதைபந்தாட்டம் மட்டும் வேறு. எங்களுக்கு நீலம், அவர்களுக்குச் சிவப்பு. என் அப்பா காலத்திலிருந்தே, இறுதிப்போட்டி நடக்கும் வாரங்களில் மதகுக்கு இந்தப் பக்கம் இருப்பவன் அந்தப் பக்கம் தேங்காய் வாங்கக்கூடப் போகமாட்டான்.

பார்த்தது: கோல் காப்பாளர் உயரம், ஆனால் குனிய மாட்டார். வலப்பக்கப் பின்வரிசை மெதுவு. நடுவரிசை சத்தம் அதிகம், வேலை குறைவு. பத்தாம் இலக்கம் வேகம். இரண்டு காலாலும் அடிக்கிறான். பந்து வருவதற்கு முன்னமே தலையைத் திருப்பிப் பார்த்துவிடுகிறான், யாரோ நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள். இடது கணுக்காலில் கட்டு. ஒழுங்காகக் கட்டவில்லை. இரண்டாம் பாதியில் அவிழ்ந்து பின்னால் இழுபட்டது. யார் இப்படிக் கட்டி அனுப்பியது?

3-0. மூன்றிலும் அவனுக்குப் பங்கு.

வீட்டுக்கு வந்ததும் ஜோசப்பின் கேட்டாள்: "மகன் எப்பிடி விளையாடினவன்?"

"நான் போனது கழக அலுவலுக்கு."

"தெரியும். அவன் எப்பிடி விளையாடினவன்?"

 கோழிகளைக் கூட்டில் அடைக்கப் போனேன்.

ஜூலை 8, திங்கள்

நேற்று எழுதியதைக் கிளினிக் மிஸ் பார்த்தால் குழம்பிப்போவார். அதனால் விளங்க எழுதுகிறேன்.

பத்தாம் இலக்கம் என் மகன் அமலன். போன வருடம் தை மாதம் முனைத்துறைப் பற்றிக்கின் மகள் மெறினைக் கட்டினான். எனக்கு ஒரு மறுப்பும் இருக்கவில்லை. நல்ல பிள்ளை. எங்கள் வழக்கப்படி பெண்வீட்டோடு போய் இருந்தான், அதுவும் சரி. மாமனோடு கடலுக்குப் போகிறான், அதுவும் சரி. ஆனால் அதே வருடம் பங்குனியில் செந்தாரகையில் பதிந்துகொண்டான். "இருக்கிற ஊருக்குத்தானே அப்பா விளையாடோணும்" என்று சொல்ல வந்தான். நான் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்து முடிய அவன் போய்விட்டிருந்தான்.

ஜோசப்பின் வாரத்தில் இரண்டு தடவை போய் வருகிறாள். மெறினுக்கு இது ஐந்தாம் மாதம். எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

செந்தாரகையின் இரண்டாவது ஆட்டம். வேலிக் கரையோடு ஒதுங்கி நின்றேன். சம்பந்தி பற்றிக் எப்படியோ கண்டுபிடித்து, கையில் தேநீரோடு வந்துவிட்டார்.

"வாங்கோ சம்பந்தி, கதிரை இருக்கு."

"நான் பார்க்க வந்தது எதிரணியை."

"பாருங்கோ, ஆர் வேண்டாமெண்டது? இருந்துகொண்டும் பாக்கலாம்." அவருக்குச் சிரிப்பு. "ஏன் சம்பந்தி, ஒரு ஆள் ரெண்டு கழகத்துக்கும் கை தட்டக் கூடாதோ?"

"ஒண்டுக்குத்தான் தட்டலாம்."

"தட்டுறதுக்கே ரெண்டு கை வேணும், சம்பந்தி."

பற்றிக்குக்கு இது பெரிய பகிடி. நாலு பேருக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். விளையாட்டுத் தெரியாத மனிதர். ஒரு கழகத்தை விரும்புவதென்றால் மற்றது தோற்க வேண்டும் என்றும் விரும்புவதுதான். அது இல்லாவிட்டால் ஞாயிறு பின்னேரம் வெயிலில் ஏன் நிற்க வேண்டும்?

4-1. தேநீரில் சீனி அதிகம்.

ஜூலை 16, செவ்வாய்

கூட்டத்தில் செந்தாரகை பற்றிச் சொன்னேன். முக்கால் மணித்தியாலம். ஒருவரும் இடையில் கதைக்கவில்லை. கோல் காப்பாளரின் குறை, பின்வரிசையின் குறை எல்லாம் சொன்னேன். கடைசியாகப் பத்தாம் இலக்கம்.

"அவனுக்கு இடது கணுக்கால் பலவீனம். பன்னிரண்டு வயசில சைக்கிளால விழுந்து முறிஞ்சது. அந்தப் பக்கமாத் திருப்பி ஓட விட்டா வேகம் குறைஞ்சிடும்."

அதுவரை போனைத் தட்டிக்கொண்டிருந்த எட்வின் நிமிர்ந்தார். "இப்பவும் நோகுதோ?"

"கட்டோடதான் விளையாடுறான்."

"நல்லது அண்ணை. இதுதான் வேணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். மகன் என்றும் பார்க்காமல் உண்மையைச் சொன்னதற்கு எனக்கு மதிப்புக் கூடியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜூலை 20, சனி

அரையிறுதி. கலங்கரை 2-0. தொண்டை கட்டிவிட்டது. இஞ்சித் தண்ணீர்.

ஜூலை 21, ஞாயிறு

மற்ற அரையிறுதி. செந்தாரகை 2-1. இரண்டும் அமலன் அடித்தது. நான் கை தட்டவில்லை. கையில் தேநீர்க் கோப்பை இருந்தது.

ஜூலை 23, செவ்வாய்

இன்று நடந்ததை இருக்கிறபடியே எழுதுகிறேன்.

வாசிகசாலைக் கூட்டத்துக்கு இறுதிப்போட்டி அணியையும் கூப்பிட்டிருந்தார்கள். எட்வின் பலகையில் படம் போட்டு விளங்கப்படுத்தினார். எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு பின்வரிசைக் கில்மனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். கில்மன் இருபத்திரண்டு வயதுப் பெடியன். உடம்பு கல்லு மாதிரி.

"பத்தாம் நம்பர் நிண்டா நாங்கள் தோற்போம். முதல் பத்து நிமிசத்துக்குள்ள அவன் வெளியில போகோணும். இடது கணுக்கால். அண்ணை சொன்னவர்தானே. ஒரு அடி போதும். உனக்கு மஞ்சள் கார்ட் கிடைக்கும், பறவாயில்ல."

கில்மன் என்னைப் பார்த்தான். அறையில் இருந்த எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: "நான் சொன்னது அதுக்கில்ல. அந்தப் பக்கம் திருப்பி விளையாடச் சொன்னனான்."

"நாங்களும் திருப்பத்தான் போறம் அண்ணை" என்றார் எட்வின். ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள்.

நான் எழும்பிப் போயிருக்கலாம். கூட்டம் முடியும் வரை இருந்தேன். சீருடை எந்தக் கடையில் கழுவுவது என்ற விவாதத்தில் அபிப்பிராயம்கூடச் சொன்னேன்.

இரவுச் சாப்பாடு: பாண், பருப்பு. சாப்பிடவில்லை.

ஜூலை 24, புதன்

தூக்கம் இல்லை. கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் போட்டேன். அது சத்தம் போடாமல்தான் இருந்தது.

பத்து மணிக்குத் துறையடிக்குப் போனேன். கில்மன் வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பினான்.

"இரு, இரு. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப்போறாய்?"

"தெரியேல்ல, அங்கிள்."

"நீயும் அவனும் ஒரே வகுப்பு."

"ஓம். பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கிலதான் இருந்தனாங்கள்." ஒரு நண்டை எடுத்து, திருப்பி, மறுபடி பெட்டிக்குள் போட்டான். "நான் செய்யாட்டி எட்வின் அண்ணை என்னை வெளியில இருத்துவார். அம்மாவும் தங்கச்சியாக்களும் பாக்க வருகினம், அங்கிள். எனக்கு இதுதான் முதல் பைனல்."

அவனிடம் என்ன சொல்வது? செய்யாதே என்றால் கழகத்துக்கு எதிராகக் கதைத்ததாகும். செய் என்று சொல்ல வாய் வருமா? நண்டு என்ன விலை போகிறது என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 25, வியாழன்

கிளினிக். பிறஷர் இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. ஏதும் யோசனையா என்று மிஸ் கேட்டார். உப்பு என்றேன். நாட்குறிப்பை வீட்டில் விட்டு வந்துவிட்டேன் என்றும் சொன்னேன். பைக்குள்தான் இருந்தது.

ஜோசப்பின் வரும் வழியில் கேட்டாள்: "என்ன மறைக்கிறியள்?"

"ஒண்டுமில்ல."

"அமலனைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டனீங்களோ?"

"பஸ் வருது, ஏறு."

ஜூலை 26, வெள்ளி

எட்வினின் வீட்டுக்கே போனேன். முற்றத்தில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார்.

"எட்வின், அவன் கடலுக்குப் போறவன். கால் போனா கடலும் போகும். பெண்சாதி பிள்ளைத்தாச்சி."

"காலை முறிக்கச் சொன்னனானோ அண்ணை? கொஞ்சம் பயப்பிடுத்தச் சொன்னன். எல்லாரும் செய்யிறதுதான். உங்கட காலத்தில நீங்கள் செய்யேல்லையோ?"

"செய்யேல்ல."

"அதாலதான் நாலு வருசம் கப்டனா இருந்தும் கப் இல்ல."

இதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. நான் சொன்னேன்: "நீலம் வெல்லோணும் எண்டு உன்னைவிட எனக்குத்தான் ஆசை. ஆனா அவன் விழாமல் வெல்லோணும்."

எட்வின் தண்ணீர்க் குழாயை நிறுத்தினார். "அண்ணை, தெளிவாச் சொல்லுங்கோ. நீங்கள் கழகத்துக்கோ, மகனுக்கோ?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டுக்கும் ஏலாது. ஞாயிற்றுக்கிழமை வரேக்க ஒண்டை வீட்டில விட்டிட்டு வாங்கோ."

போட்டி மத்தியஸ்தரிடம் சொல்லலாமா என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். சொன்னால் கலங்கரைக்குத் தடை விழும், எல்லாப் பெடியளுக்கும் சேர்த்து. கில்மனுக்கும்தான். பங்குச் சுவாமியிடம் சொல்லலாம். அவர் பிரசங்கத்தில் சொல்லிவிடுவார்.

ஜூலை 27, சனி

மதகைத் தாண்டினேன், இந்த முறை ஆட்டம் பார்க்க அல்ல.

அமலனின் வீட்டுக்கு நான் போனது இதுதான் முதல் தடவை. வாசலில் சிவப்புச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மெறின் என்னைக் கண்டதும் முகம் கழுவ ஓடினாள். பிறகு தேநீர் கொண்டு வந்தாள்.

"சீனி கொஞ்சமாத்தான் போட்டனான் மாமா. உங்களுக்குப் பிறஷர் எண்டு மாமி சொன்னவ."

அவள் நடப்பதைப் பார்த்தால் வயிற்றில் ஆண்பிள்ளை போலிருக்கிறது. இதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அமலன் கடலால் வந்து குளித்துவிட்டு வந்தான். எதிர்க் கதிரையில் இருந்தான். எஞ்சினைப் பற்றிக் கதைத்தோம். மண்ணெண்ணெய் விலையைப் பற்றிக் கதைத்தோம். பதினாறு மாதத்துக்குப் பிறகு கதைக்க வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. எட்வின் சொன்னதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். சொன்னால் என் கழகத்தை எதிரணியின் வீட்டில் வைத்து விற்றதாகும். சொல்லாவிட்டால்...

"உந்தக் கணுக்காலை ஆர் கட்டுறது?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"கட்டுற வடிவே அது? பண்டேஜை எடுத்துக்கொண்டு வா."

நிலத்தில் அமர்ந்து அவன் காலை என் மடியில் வைத்தேன். பெரிய கால். பாதத்துக்கு அடியால் கொண்டுவந்து, குறுக்காக எட்டுப் போட்டு, மேலே ஏற்றிக் கட்டினேன். அவிழ்த்தேன். இன்னும் இறுக்கமாகக் கட்டினேன். மறுபடி அவிழ்த்தேன்.

"அப்பா."

"ம்."

"அவையள் என்ர காலுக்கு வரப்போகினமோ?"

நான் பண்டேஜின் நுனியைச் செருகினேன். "நாளைக்கும் இப்பிடியே கட்டு" என்றேன்.

அவன் எழும்பிக் காலை ஊன்றிப் பார்த்தான். மெறின் கதவடியில் நின்றாள்.

ஜூலை 28, ஞாயிறு

 மெதுவாக எழுதுகிறேன்.

மைதானம் நிறைந்து வழிந்தது. பொலிஸ் பத்துப் பேர் நடுக்கோட்டின் இரு முனையிலும் நின்றார்கள். கிழக்குப் பக்கம் நீலம், மேற்குப் பக்கம் சிவப்பு. நான் நீலச் சட்டையோடு, வழக்கமாக இருக்கும் இரண்டாம் வரிசையில் இருந்தேன். ஜோசப்பின் மேற்கில், மெறினுக்குப் பக்கத்தில். எட்வின் எனக்கு முன்னால், எல்லைக் கோட்டோடு.

முதல் பத்து நிமிடத்தில் நான் பந்தைப் பார்க்கவே இல்லை. கில்மனின் கால்களைத்தான் பார்த்தேன். மூன்று தடவை அமலன் அவனைத் தாண்டிப் போனான். மூன்று தடவையும் கில்மன் பந்துக்குத்தான் போனான். இரண்டு தடவை பந்தை எடுத்தும் விட்டான். சுத்தமான ஆட்டம். எட்வின் "கில்மன்! கில்மன்!" என்று கத்தினார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இடைவேளையில் 0-0. நான் தண்ணீர் குடித்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, இனி நிம்மதியாக விளையாட்டைப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

இரண்டாம் பாதிக்கு அணி இறங்கும்போது கில்மன் இல்லை. வாங்கில் இருந்தான், தலைக்கு மேல் துவாய். அவன் இடத்தில் எட்வினின் தமக்கையின் மகன் ஜெறாட். மூன்று ஆட்டமாக வெளியில் இருந்தவன்.

ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் கலங்கரை கோல் போட்டது. நானும் எழும்பிக் கத்தினேன், பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்தேன். அது பொய்யில்லை. கொஞ்ச நேரத்தில் செந்தாரகை ஒரு தண்ட உதையில் சமப்படுத்தியது. 1-1. இரண்டு பக்கமும் தொண்டை கிழிந்துகொண்டிருந்தது. ஜெறாட் இரண்டு தடவை அமலனின் குதிகாலுக்குக் குறி வைத்தான், இரண்டும் தப்பின. மத்தியஸ்தர் மஞ்சள் காட்டினார். எட்வின் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

எண்பத்தைந்து இருக்கும். தண்ட எல்லையின் மூலையில் அமலன் பந்தை நெஞ்சில் வாங்கி, எங்கள் பக்கமாக முதுகைக் காட்டித் திரும்பினான். இடது கால் நிலத்தில் ஊன்றியிருந்தது. பின்னாலிருந்து ஜெறாட் ஓடி வந்தான். பந்து அவன் கணக்கிலேயே இல்லை. இரண்டு காலையும் சேர்த்து வழுக்கினான்.

"அமல்! பாய்!"

யார் கத்தியது என்று முதலில் எனக்கே தெரியவில்லை.

அமலன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நேரம் போதாது. என்ன, ஏன் என்று யோசிக்காமல் அப்படியே பாய்ந்தான். ஜெறாட் அவனுக்குக் கீழால் புழுதியோடு வழுக்கிப் போனான். அமலன் இறங்கினான், ஒரு அடி வைத்தான், இடது காலால் அடித்தான். குனியாத அந்தக் கோல் காப்பாளர் அவர்களுடையவர். எங்களுடையவர் நன்றாகக் குனிவார், பாய்ந்தும் பார்த்தார். பந்து மூலைக்குள் போய்விட்டது.

மேற்குப் பக்கம் வெடித்தது. கிழக்குப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தண்ணீர்ப் போத்தல் வந்து தோளில் பட்டது. எட்வின் எல்லைக் கோட்டை விட்டு என்னிடம் வந்தார். 

"காட்டிக் குடுத்திட்டியள்."

"இன்னும் நேரம் இருக்கு. பெடியளை முன்னுக்கு விடு, எட்வின்" என்றேன்.

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. மிச்ச நிமிடங்கள் முழுக்க நின்றபடி நீலத்துக்காகக் கத்தினேன். கடைசியில் எங்கள் தலையடி ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது, அமலன் எங்கே நிற்கிறான் என்றுகூட நான் பார்க்கவில்லை. அது உள்ளே போயிருக்க வேண்டும். நான் உண்மையாகத்தான் கத்துகிறேன் என்பதை என்னைச் சுற்றியிருந்த ஒருவரும் நம்பவில்லை.

2-1. செந்தாரகைக்குக் கிண்ணம்.

பொலிஸ்காரர் இருவர் என்னை வெளிவாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். அமலன் தூரத்திலிருந்து பார்த்தான். நான் போ என்று கையைக் காட்டினேன். கண்ணுக்குள் புழுதி போயிருந்தது.

ஜூலை 29, திங்கள்

வாசல் படலைக்கு எங்கள் ஆட்களே சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். ஜோசப்பின் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். நான் தேய்க்க வேண்டாம் என்றேன், நீலச் சாயம் இருக்கிறது, அதற்கு மேலே பூசலாம். பூசினேன். கொஞ்சம் ஊதாவாக வந்தது.

ஜூலை 31, புதன்

கில்மன் வந்தான். ஒரு பை நண்டு கொண்டு வந்தான்.

"இடைவேளையில செய்யமாட்டன் எண்டு சொன்னனான் அங்கிள். அதாலதான் மாத்தினவர்."

"அம்மாக்கள் பாத்தவையோ?"

"முதல் பாதி பாத்தவை."

"முதல் பாதி மாதிரி ஒரு பின்வரிசையை இந்த மைதானத்தில நான் பாத்ததில்ல" என்றேன். இது உண்மை.

நண்டுப் பையை ஜோசப்பினிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கூட்டத்தில் என்னைக் கழக நிர்வாகக் குழுவிலிருந்து நீக்கினார்கள். கையைத் தூக்காதவர்கள் மூன்று பேர். பேச விடுவார்களா என்று கேட்டேன். விட்டார்கள்.

"நான் இண்டைக்கும் கலங்கரைதான்" என்றேன். "சந்தா கட்டுவன். ஆட்டம் பாக்க வருவன். ஆனா அதே இடத்தில அதே மாதிரி இன்னொருக்கா நடந்தா, இன்னொருக்கா கத்துவன். ஆற்ர பிள்ளை எண்டாலும்."

"அது உங்கட பிள்ளை எண்டதாலதான் கத்தினனீங்கள்" என்றார் எட்வின்.

இருக்கலாம். 

ஆகஸ்ட் 8, வியாழன்

கிளினிக். பிறஷர் இறங்கியிருக்கிறது. காரணம் தெரியவில்லை என்றார் மிஸ்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கலங்கரைக்கு லீக் ஆட்டம், வெளியூர் அணியோடு. போவதா விடுவதா என்று மத்தியானம் வரை யோசித்தேன். போனேன்.

என் இரண்டாம் வரிசையிலேயே இருந்தேன். எனக்கு இரண்டு பக்கமும் நாலைந்து பேர் இருக்கக்கூடிய வெற்றிடம். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கில்மன் களத்தில் இருந்தான். அணியை எட்வின்தான் தெரிவு செய்கிறார். ஆள் பற்றாக்குறையாக இருக்கலாம், வேறு காரணமாகவும் இருக்கலாம்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கிழக்கு வாசலால் அமலன் வந்தான். வெள்ளைச் சேட், சாரம். நீலக் கூட்டத்துக்கு நடுவால் ஒவ்வொருவராக விலத்திக்கொண்டு வந்தான். சத்தம் குறைந்துகொண்டு போனது.  பின்னிருக்கைகளிலிருந்து அலோசியஸ் என்ற பழைய ஆள் சொன்னார்:

"தம்பி, இது நீலக்காரர் இருக்கிற இடம்."

"ஓம், தெரியும்" என்றான் அமலன். "அப்பாவோட பாக்க வந்தனான்."

என் பக்கத்தில் இருந்தான். யாரும் எழும்பி வரவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. நான் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கால் எப்பிடி?"

"நோவில்ல."

"மெறின்?"

"நல்லாயிருக்கிறா. உங்களை வரச் சொன்னவ."

 கலங்கரை மோசமாகத்தான் விளையாடியது. இடைவேளைக்கு ஒரு கோல் பின்னால். இரண்டாம் பாதி முடியப் பத்து நிமிடம் இருக்க, ஒரு மூலை உதைக்குக் கில்மன் முன்னால் ஓடி வந்து தலையால் இடித்தான். வலை அசைந்தது.

எனக்கு முழங்கால் பிடிப்பு, எழும்ப நேரம் எடுக்கும். அதற்குள் அமலன் எழும்பிக் கத்திக்கொண்டிருந்தான்.